பின்னூட்டம் சாரும் நாலாம் நம்பர் கேபினும்

கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட அதற்குக் கீழே தன் கருத்தை எழுதித் திருப்பிக் கொடுக்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். சிதம்பரம் வடக்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். 'மணமக்கள் நீடூழி வாழ்க. ஆனால் மூன்றாவது வரியோடு எனக்கு உடன்பாடில்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, பத்திரிகை வைத்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார். அவர்கள் அடுத்த கல்யாணத்துக்கு இவர் கடைப் பக்கமே வரமாட்டார்கள்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பின்னூட்டம் சார்.

தமிழில் ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கிய காலம் அது. பஸ்ஸில் கண்டக்டர் ஒருமையில் பேசலாமா, நூலகப் புத்தகத்தில் அடிக்கோடு போடுகிறவர்களை என்ன செய்யலாம், கடைப் பலகையில் எந்த மொழி இருக்க வேண்டும் என்று தினம் தினம் எழுதிக் குவித்தார்கள். அதற்குக் கீழே வாசகர்கள் எழுதும் பதிலுக்குத்தான் பின்னூட்டம் என்று பெயர். சார் சொந்தமாக ஒரு பதிவுகூட எழுதியதில்லை. கேட்டால், "எழுதறதுக்குதான் ஆயிரம் பேரு இருக்காங்களே, ஏன்னு கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணாமா?" என்பார்.

அவர் கடைப் பலகையில் 'இணைய உலா மையம்' என்று தூய தமிழில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத் திருப்பதிக்கு டிக்கெட் கேட்டு வாரத்துக்கு ஒரு குடும்பமாவது வரும். பலகையை மாற்றச் சொன்னால் கோபம் வரும். "போர்டு கரெக்ட்டாதான் இருக்கு. ஜனங்களத்தான் மாத்தணும்" என்பார். அவர் பேச்சில் தமிழை விட இங்கிலீஷ் ஜாஸ்தி. எழுத்தில் மட்டும் ஒரு ஆங்கிலச் சொல் விழுந்தால் தீட்டு.

பின்னூட்டம் எழுத அவருக்கு ஒரு முறை உண்டு. தவறாக அச்சாகிப்போன பயோடேட்டாக்களின் பின்பக்கத்தில் முதலில் கையால் எழுதுவார். பிறகு கடை நடுவில் எழுந்து நின்று ஆறு கேபின்களுக்கும் கேட்கும்படி வாசிப்பார். ரிசல்ட் பார்க்க வந்தவன், வெளிநாட்டு அண்ணனோடு பேச வந்தவர், எல்லோரும் கேட்டே ஆகவேண்டும். அதன் பிறகுதான் ஒற்றை விரலால் தட்டச்சு. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் அவர் முகம் வெளுத்துவிடும். "போயிருச்சா? திருப்பி எடுக்க முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கும் மேசைக்கும் நடப்பார். எழுத்தில் புலி, எழுதி முடித்ததும் ஜுரம் வந்த கோழி.

ஒருமுறை கடலூரில் வலைப்பதிவர்கள் சந்தித்துக்கொண்டார்கள். 'பின்னூட்டம்' என்ற பெயரில் எழுதுகிறவர் எப்படி இருப்பார் என்று பார்க்கவே பலர் வந்திருந்தார்களாம். இவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வடை காபி சாப்பிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

"ஏன் சார் பேசல?" என்று கேட்டேன்.

"நேர்ல மூஞ்சி தெரியுது பாப்பா. மூஞ்சியப் பாத்துட்டு எப்படித் திட்டறது?"

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்ணாடம் பக்கத்துக் கிராமம். கரும்பு வெட்டுகிற குடும்பம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை முதலில் மிதித்தவள் நான். அப்போது சிதம்பரத்தில் விடுதியில் தங்கி எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எனக்குத் தலைகொள்ளாமல் இருந்தது. ஒரு சனிக்கிழமை சார் கடையின் நாலாம் நம்பர் கேபினில் உட்கார்ந்து, 'கரும்புத்தோகை' என்ற புனைபெயரில் நானும் ஒரு வலைப்பூ தொடங்கினேன். எங்கள் ஊரில் பேசுகிற தமிழிலேயே எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் என்னை ஓர் ஆண் என்றே முடிவு செய்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

மறுக்காததற்குக் காரணம் பயம். முகம் தெரியாதவர்களோடு பெண் பிள்ளை நெட்டில் பேசுகிறாள் என்று வீட்டுக்குத் தெரிந்தால் அன்றே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். எம்.ஏ. பாதியில் நிற்கும். இந்தப் பயத்தைத் துப்பட்டா போலத் தினமும் அணிந்துகொண்டுதான் திரிந்தேன். போதாக்குறைக்கு சார் மேசையில் தடிமனாக ஒரு பதிவேடு. பெயர், முகவரி, கேபின் எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுதினால்தான் கம்ப்யூட்டரைத் தொட விடுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலு மணி, நாலாம் நம்பர் கேபின், எதிரே என் பெயர். அதில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் என் குற்றத்தை நானே எழுதிக் கொடுப்பது போலிருக்கும்.

கரும்புத்தோகைக்கு முதல் விரோதி யார் என்கிறீர்கள்? பின்னூட்டம் சாரேதான். 'வூட்டுல, அவுங்க என்றெல்லாம் எழுதுவது மொழிக்குச் செய்யும் துரோகம். கரும்புத்தோகை அவர்கள் முதலில் பள்ளிக்கூடம் போகட்டும்' என்று எழுதினார். அனுப்புவதற்கு முன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக என் கேபினுக்கு வந்தார்.

"பாப்பா, நீ தமிழ் படிக்கற பொண்ணு. இதுல தப்பு இருக்கா பாரு."

என்னைத் திட்டி எழுதியதை என்னிடமே கொடுத்துத் திருத்தச் சொல்கிறார். வாங்கி, ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்திக் கொடுத்தேன்.

"கடுமையா இருக்கா?"

ஆமாம் என்றால் சந்தேகம் வருமே. தவிரவும், எனக்கு வலிக்கிறது என்று ஒப்புக்கொள்கிற வழக்கம் என்னிடம் கிடையாது. "இன்னும் கொஞ்சம் காரமா போடலாம் சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

இப்படியே இரண்டு வருடம். வாரா வாரம் என்னைத் திட்டும் கடிதத்துக்கு நானே மெய்ப்புத் திருத்தினேன். திங்கட்கிழமை அவர் அதை அனுப்புவார்; அடுத்த சனிக்கிழமை அதே கேபினிலிருந்து அதற்குப் பதிலும் எழுதுவேன். இருவருக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பும் பூப்போட்ட திரையும்தான்.

கரும்புத்தோகை மேல் அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. வம்பு எதுவும் வரக்கூடாதென்று, வருகிற பின்னூட்டங்களை நான் பார்த்து அனுமதித்த பிறகுதான் வெளியே தெரியும்படி வைத்திருந்தேன். "திங்கக்கிழமை எழுதுனா சனிக்கிழமைதான் கதவ தொறக்கறாரு இந்தாளு. கவர்மென்ட் ஆபீஸா நடத்தறாரு?" என்று என்னிடமே புலம்புவார். நான் பரிதாபமாகத் தலையாட்டுவேன்.

எம்.ஏ. இரண்டாம் வருடம், தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, திட்டக்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அழைத்து வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ஆலை ஒன்றில் கிளார்க். மாப்பிள்ளையின் அம்மா என் புத்தக அலமாரியைப் பார்த்து, "இவ்ளோ புக்கா? இதெல்லாம் எங்க வெக்கறது?" என்றார். மாமா உடனே, "அத பத்திக் கவலப்படாதீங்க. தாலி ஏறுனதும் பழைய பேப்பர் கடையில போட்டுறலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன்.

அந்தச் சம்பந்தம் எப்படியோ தட்டிப்போனது. ஆனால் மாமா சொன்ன வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. ஓர் எழுத்து மாற்றாமல் கரும்புத்தோகையில் எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். எழுதியது நன்றாக வந்துவிட்டது என்ற திமிரில், உலா மையத்தில் திருப்பதி டிக்கெட் கேட்கிறவர்களைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தேன். என் வாயே எனக்கு எமன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் கேபினில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் ஒரு குரல் கேட்டது.

"இதுதாங்களா உலா மையம்? திருப்பதி டிக்கெட் கேப்பாங்களாமே, அந்தக் கடை?"

மாமா குரல். திரை இடுக்கில் பார்த்தேன். கையில் நாலாக மடித்த அச்சுத் தாள். ஆலையில் யாரோ படித்துச் சிரித்து, மாமா கைக்கு வந்திருக்கிறது. நான் நாற்காலியிலிருந்து நழுவி, மேசைக்கு அடியில் யு.பி.எஸ்.ஸோடு யு.பி.எஸ்.ஸாக ஒடுங்கினேன். அங்கிருந்தும் இடுக்கு வழியாக வாசல் தெரிந்தது.

"இந்த கரும்புத்தோகை யாருன்னு எனக்குத் தெரியணும். எங்க அக்கா பொண்ணு இந்த ஊர்லதான் எம்.ஏ. படிக்குது. அது இங்க வருதா? அந்த நோட்டக் காட்டுங்க."

"ஐடி ப்ரூஃப் இருக்கா சார்? இல்லாம ரிஜிஸ்டரத் தொடக்கூடாது. ரூல்ஸ்."

"அட, அத வுடுங்க. இத எழுதுனது யாரு?"

சார் பதிவேட்டை இழுத்து மூடினார்.

"நான்தான்" என்றார் பின்னூட்டம் சார்.

"நீங்களா? அப்ப கீழ இவ்ளோ திட்டியிருக்கே, அது யாரு?"

"அதுவும் நான்தான்."

"உங்கள நீங்களே திட்டிக்குவீங்களா?"

"கடையில கூட்டம் இல்லாதப்ப வேற என்னா சார் பண்றது?"

மாமாவின் குரல் ஏறியது. "வெளையாடறீங்களா? பழைய பேப்பர் கடைன்னு எழுதியிருக்கு. அது நான் சொன்ன வார்த்த. எங்க வூட்டு நடுவுல ஒக்காந்து சொன்னேன். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா மாமாவும் அதத்தான் சார் சொல்றாங்க."

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. "சரி, நீங்கதான் எழுதறீங்கன்னா, இதே மாதிரி நாலு வரி இப்ப எழுதுங்க பாப்போம்" என்றார்.

தாள் புரளும் சத்தம். சார் எழுதினார். எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, என் கேபின் பக்கம் திரும்பி, "பாப்..." என்று தொடங்கிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. "பாப்போம், கேளுங்க" என்று சமாளித்துக்கொண்டு வாசித்தார்.

"காலேஜ்ல சேத்த அன்னைக்கு எங்கப்பா கைநாட்டு வெச்சாரு. வெச்சுட்டு, நான் பாக்கலன்னு நெனச்சுகிட்டு, வெரல்ல இருந்த மைய தலமுடியில தேச்சுக்கிட்டாரு. நான் பாத்தேன். பாக்காத மாதிரி நின்னேன்."

அது நான் ஒரு வருடத்துக்கு முன் எழுதியது. 'கொச்சை' என்று ஒரே சொல்லில் அவர் பின்னூட்டம் போட்ட பதிவு. மனப்பாடமாக வைத்திருக்கிறார். காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்பது பாவம் அவருக்குத் தெரியாது. அன்று படிவத்தை நிரப்பிக்கொண்டு அப்பா பக்கத்திலேயே நின்றவர் இந்த மாமாதான்.

மாமா கையிலிருந்த தாளை மறுபடியும் நாலாக மடித்தார்.

"அத நான் கவனிக்கலியே" என்றார் கடைசியில், தனக்குத் தானே. "சரிங்க. நீங்கதான் எழுதுனீங்க. நம்பறேன். அன்னைக்கு சபையில ஏதோ பேசணுமேன்னு பேசிட்டேன். புக்க போடணும்னு இல்ல. அதச் சொல்லிடுங்க."

"யாருகிட்ட?"

"ஒங்ககிட்டதான் சொல்றேன். பரீட்சைய ஒழுங்கா எழுதச் சொல்லுங்க."

"யார சார்?"

"யாரையோ!" என்று கத்திவிட்டு மாமா படியிறங்கிப் போனார். என் கேபின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வீட்டிலும் கடைசி வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எம்.ஏ. முடித்தேன்.

அன்று மேசைக்கு அடியிலிருந்து ஒட்டடையோடு எழுந்து வந்தபோது, சார் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துக்கொண்டிருந்தார். பாதி சட்டையில் கொட்டியிருந்தது.

"எப்ப சார் தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு வருஷமா. நீ வந்து ஒக்காந்து அஞ்சு நிமிஷத்துல என் பின்னூட்டம் வெளிய வருது. நீ ஊருக்குப் போன வாரம் வரல. இதக் கண்டுபுடிக்க எம்.ஏ. படிக்கணுமா?"

"தெரிஞ்சுகிட்டேவா என்கிட்ட திருத்தக் குடுத்தீங்க?"

"தப்பு இருக்கான்னு கேட்டதெல்லாம் சாக்கு பாப்பா. கடுமையா இருக்கான்னுதான கேட்டேன். நீ ஆமான்னு சொன்னா கிழிச்சுப் போட்டுருப்பேன். நீ காரம் பத்தலன்னே." தலையில் அடித்துக்கொண்டார். "திமிர் புடிச்ச பொண்ணு!"

அன்று கிளம்புவதற்கு முன் அந்தப் பதிவின் அடியில், 'இப்படிச் சொன்னவர் பிறகு வருத்தப்பட்டார்' என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்த சனிக்கிழமை திறந்து பார்த்தால், திங்கட்கிழமையே பின்னூட்டம் வந்து காத்திருந்தது: 'இந்த வரி தேவையற்றது. பதிவின் காரத்தைக் குறைக்கிறது.'

எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு உலா மையத்தை மூடிவிட்டார். நான் இப்போது கடலூரில் வேலை பார்க்கிறேன். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, நினைத்த நேரத்தில் திறக்கலாம். கரும்புத்தோகையில் எழுதுவது நான்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வலைப்பூ வாசிக்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். பல பதிவுகளுக்கு ஒரே ஒரு பின்னூட்டம் வருகிறது. திங்கட்கிழமையே வந்துவிடுகிறது.

ஆனாலும் சனிக்கிழமை நாலு மணி வரை அதை நான் வெளியிடுவதில்லை. கண்ட நேரத்தில் வெளியிட்டால், நான் வந்துவிட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?