அரிசி அடைத்த பேஸ் கிட்டார்

மாத்தளை நகரத்தில் கடை வைத்திருக்கிற அத்தனை பேரும் சாமான் விற்பதற்காகக் கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் அளவு அண்ணன் மட்டும், வாங்க வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதற்காகக் கடை வைத்திருக்கிறார்.

கடையின் முன்பக்கம் தையல் மெஷின். பின்பக்கச் சுவர் முழுக்கப் பழைய கிட்டார்கள். வாரநாட்களில் தைப்பார், கிட்டார் பழுது பார்ப்பார். சனி, ஞாயிறில் கல்யாண வீடுகளில் பேஸ் கிட்டார் வாசிப்பார். சொந்தப் பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. அவருடைய மனைவியே போனை எடுத்தால், "அளவு வெளிய போயிருக்கு"ன்னுதான் சொல்வார். கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். கோயிலில் சாமி கும்பிடும்போது மட்டும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், திருநீறு பூசியதும் மறுபடி மாட்டிக்கொள்வார்.

ஒருமுறை பஸ்ஸில் டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டரிடம், "உங்க பேக் வார் ரெண்டரை அங்குலம் கூட. இடுப்பு வலிக்குமே" என்றார். கண்டக்டர் எட்டு வருடமாக அந்த வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவராம். அன்றிலிருந்து அளவு அண்ணனுக்கு ஜன்னல் சீட் நிச்சயம்.

இன்னொரு நாள் கோட் தைக்க ஒரு மாப்பிள்ளை வந்தார். "கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள மாமியார் வீட்டு விருந்து வேற. இப்ப அளவெடுத்தா பட்டன் நிக்காதுங்க. கடைசி வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை தாலி கட்டி முடிக்கும் வரைக்கும் மூச்சே விடவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் நான் போய் மாட்டிக்கொண்டேன்.

நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியை. உயரம் நாலடி ஒன்பது அங்குலம். எங்கள் பாடசாலையில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தோம். அதில் ஆறு வருடமாக எனக்குக் கொடுத்த வேலை கைத்தாளம் போடுவது. "டீச்சருக்கு அதுதான் கைக்கு அடக்கம்" என்பார் குழுத் தலைவரான வயலின் ஆசிரியர், எங்கள் வயலின் சேர். ஆறு வருடமும் நான் நின்றது பேஸ் கிட்டார் வாசித்த சேருக்குப் பக்கத்தில். அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்துவிடும். எனக்கு அதன்மேல் அப்படியொரு ஆசை. பாடசாலையில் கிடந்த சாதாரண கிட்டாரின் மேல் நாலு கம்பியில், யாருக்கும் சொல்லாமல், எல்லாப் பாட்டுக்கும் பேஸ் பழகி வைத்திருந்தேன்.

அந்த சேருக்கு வில்கமுவவுக்கு இடமாற்றம் வந்தது. தன் கிட்டாரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் வாசிக்கிறேன் என்று சொன்னதும் ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சிரித்தது.

"கிட்டாருக்குப் பின்னால டீச்சர் தெரியணுமே" என்றார் வயலின் சேர். பிறகு மனது இளகி, "பரிசளிப்பு விழாவுக்கு மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணு வாங்கி வாசிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி பி.டி. சேர் வாசிக்கட்டும்" என்றார். பி.டி. சேர் ஆறடி. அவரிடம் சொந்தமாக கிட்டாரும் இருந்தது.

வீட்டில் என் கணவர் உற்சாகமாகிவிட்டார். அவர் வளர்ந்த வீட்டில் சப்பாத்து முதல் சட்டை வரை எல்லாம் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார்கள்.

"பெருசாவே வாங்கிரு. நாளைக்கு உதவும்."

"எனக்கு முப்பத்தெட்டு வயசுங்க. இனிமே எங்க வளர?"

"அதெல்லாம் சொல்ல முடியாது" என்றார்.

அளவு அண்ணனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சுவரில் தொங்கிய பேஸ் கிட்டாரைக் காட்டிக் கேட்டேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார். ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் விரிக்கச் சொல்லி அளந்தார். எல்லாவற்றையும் பிளவுஸ் அளவு எழுதும் கொப்பியில் எழுதிக்கொண்டு, "அடுத்த கிழமை வாங்க டீச்சர். ட்ரையல் பார்க்கணும்" என்றார்.

போனேன். பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணியில் கிட்டார் வடிவத்தில் ஒரு பை தைத்து, வயிற்றுக்குள் நாலு கிலோ அரிசி அடைத்து, விளக்குமாற்றுக் கம்பைக் கழுத்தாகச் செருகி வைத்திருந்தார்.

"ஒரு சாதாரண பேஸ் இந்தப் பாரம் இருக்கும். கம்பி ஓடுற நீளம் முப்பத்துநாலு அங்குலம். தினம் ஒரு மணித்தியாலம் மாட்டிக்கிட்டு நில்லுங்க. எங்க வலிக்குதுனு எழுதிட்டு வாங்க."

அதை மாட்டிக்கொண்டு நான் சமைத்தேன், மாணவர்களின் கொப்பிகள் திருத்தினேன், துணி காயப்போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு வந்து, "என்ன நேர்த்திக்கடன் டீச்சர்?" என்று பக்தியோடு கேட்டார். மூன்றாம் நாள் தையல் விட்டுப்போய், வாசலிலிருந்து கிணற்றடி வரை அரிசி கொட்டியது; புது அரிசி அடைத்துத் தைத்துக்கொண்டேன். அக்காவின் கோழிகள் அன்றிலிருந்து என்னைக் கண்டாலே பின்னால் வரத் தொடங்கின. "பசிச்சா வடிச்சுச் சாப்பிடலாம். இப்பிடி ஒரு கிட்டார் கண்டியிலயும் கிடைக்காது" என்றார் என் கணவர்.

இடது தோள், இடது மணிக்கட்டு, சுண்டு விரல் என்று வலிப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அளவு அண்ணன் ஒரு கிலோ அரிசியை வெளியே எடுத்தார். கம்பில் நாலு அங்குலம் அறுத்தார். மறுபடி ஒரு கிழமை. வலிக்கவில்லை.

"இதுதான் உங்க அளவு. முப்பது அங்குலம், மூணு கிலோ. இதுல கூடினது எதுவும் வேணாங்க. அஞ்சு கம்பி உள்ளதும் வேணாம், கழுத்து அகலம்."

அப்படி ஒன்று அவர் கடையில் இல்லை. நான், என் கணவர், அளவு அண்ணன் மூவரும் கண்டிக்குப் போனோம். ஒரு பெரிய கடையில், விலை கட்டுப்படியாகிற மாதிரி ஒன்று சிவப்பாக மினுங்கியது. நீளம் முப்பத்துநாலு. என் கணவர் பர்ஸை எடுத்துவிட்டார். அளவு அண்ணன் அதை என் தோளில் மாட்டி, "இடது கைய விடுங்க" என்றார். விட்டேன். கிட்டாரின் தலை நேராகத் தரையைப் பார்த்து இறங்கியது.

"பார்த்தீங்களா? இத வாங்கினா நீங்க வாசிக்க மாட்டீங்க. தலையத் தாங்கிப் பிடிச்சுட்டே நிப்பீங்க."

விற்பனைப் பையன், "பழகினா சரியாகிரும் மேடம்" என்றான்.

"பழகினா வலி பழகும் தம்பி. கை நீளாது" என்றார் அளவு அண்ணன்.

சின்ன அளவில் புதிதாக ஒன்று இருந்தது. அதன் விலைக்கு நான் மூன்று மாதம் பட்டினி கிடக்க வேண்டும். வெறுங்கையோடு பஸ் ஏறினோம். விழாவுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. அடுத்த நாள் கடைக்குப் போய்க் கத்திவிட்டேன்.

"எனக்கு அளவா ஒண்ணு இந்த உலகத்துலயே இல்லனு சொல்லிருங்கண்ணே. நான் தாளமே போட்டுட்டுப் போறேன்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றி, சுருட்டி, மேசைமேல் வைத்தார். மறுநாள் கடை பூட்டியிருந்தது. அதற்கு மறுநாளும் பூட்டியிருந்தது. மனுஷன் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் போன் வந்தது. "டீச்சர், நாவுலைக்கு பஸ் ஏறுங்க."

நாவுலையில் ஒரு சலூன். கண்ணாடிக்கு மேலே சுவரில் தூசி படிந்து ஒரு சின்ன பேஸ் கிட்டார். சலூன்காரரின் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போனதாம். அளவு அண்ணன் மூன்று நாளாகத் தெரிந்த கல்யாண பேண்ட்காரர் ஒவ்வொருவர் வீட்டுப் படியாக ஏறி, லக்கல வரை போய் விசாரித்து, கடைசியில் முடிவெட்டப் போன இடத்தில் இதைக் கண்டிருக்கிறார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து அளந்தாராம். அந்தப் பாதித் தலை அப்போதும் அப்படியே இருந்தது.

ஒரு கண்ணை மூடிக் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். கழுத்தின் குறுக்குக் கட்டுகள் ஒவ்வொன்றிலும் கம்பியை அழுத்தி இரைச்சல் வருகிறதா என்று கேட்டார். முறுக்காணிகளைத் திருகினார். "கம்பி துரு. அத மாத்திரலாம்" என்றவர், என் தோளில் மாட்டி, "கைய விடுங்க" என்றார். விட்டேன். கிட்டார் அசையாமல் நின்றது. சலூன்காரரிடம் சிங்களத்தில் அவர் பேசி முடித்த விலைக்கு, கண்டிச் சிவப்பில் பாதிகூட வராது.

"எடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

பரிசளிப்பு விழாவில் வாசித்தேன். இரண்டாம் பாட்டில் ஓரிடத்தில் தடுமாறினேன், யாரும் கவனிக்கவில்லை. உள்ளங்காலில் வந்த சத்தம் இப்போது என் விரலிலிருந்து வந்தது, அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆறடி பி.டி. சேர் பக்கத்தில் நின்று கைத்தாளம் போட்டார். நன்றாகவே போட்டார்.

முடிந்ததும் மண்டபத்தின் பின்வரிசையில் நின்ற அளவு அண்ணனிடம் ஓடினேன். "எப்பிடிண்ணே இருந்துச்சு?"

அவர் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தோள் வலிச்சுதா?" என்றார்.

"இல்லண்ணே."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

என் உயரத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். வலித்ததா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.