நீ அனுப்பிய கழுத்துக் கருவியைத் திருப்பி அனுப்புவது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் கழுத்து நீங்கலாக எல்லோரும் நலம்.

நீ ஆசையாக வாங்கி அனுப்பிய மின் சிகிச்சைக் கருவியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இருபத்திரண்டு வருடம் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தே கழித்தவள் நான். கண்ணால் காணாததை நம்புவதில்லை. ஆனாலும் உன் சொல்லுக்காக, வீடியோவில் வரும் அந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் ஒரு மாதம் பயிற்சி எடுத்தேன். செல்போனை நான்கு அகராதிகளின் மேல் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தால், "தோளைத் தளர விடுங்க மேடம்" என்பாள். "தளர விட்டாச்சும்மா" என்றேன். "இதுவா? அப்போ கோபம் வந்தா எப்படி இருப்பீங்க?" என்றாள். பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "என்னைக் கேளும்மா, நான் சொல்றேன்" என்றார். கருவியின் ஒட்டுவில்லைகளைப் பிடரியில் ஒட்ட எனக்குக் கை எட்டாததால் அந்தப் பொறுப்பும் அவரிடம் போனது. ஒட்டியதோடு நிற்காமல், மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியையும் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

போன வியாழக்கிழமை இந்தக் கோலத்தில் இருக்கும்போதே அலுவலக வீடியோ கூட்டம் தொடங்கிவிட்டது. கோப்புப் பிரிவில் ஓர் இடம் காலி, போக யாருக்கு விருப்பம் என்று துறைத் தலைவர் கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடித் துழாவியதில், பெட்டியின் திருகு மூன்றிலிருந்து ஒன்பதுக்குப் போய்விட்டது. என் தோள் துள்ள, கை தலைக்கு மேலே போய்விட்டது.

"ரொம்ப சந்தோஷம் மேடம், நீங்களே முன்வந்துட்டீங்க."

"இல்ல சார், எனக்கு ஷாக் அடிச்சுது."

"எங்களுக்கும்தான் மேடம்."

பிறகு போன் செய்து விளக்கினால், "கழுத்து வலியோட எதுக்குக் கஷ்டப்படறீங்க? ஃபைல் செக்ஷன்ல நிம்மதியா இருக்கலாமே" என்கிறார். நிம்மதிக்கா நான் எம்.எஸ்சி. படித்தேன்? "திங்கட்கிழமை ரெண்டு மணி நேரம் எழுந்திருக்காம ஸ்லைடு பார்க்கறேன் சார். நடுவுல கழுத்தைப் பிடிச்சேன்னா நானே ஃபைல் செக்ஷனுக்குப் போயிடறேன்" என்றேன். ஒப்புக்கொண்டார். ஆகவே இனி மின்சாரம் வேண்டாம். முகவாயை உள்ளுக்கிழுக்கும் பயிற்சி மட்டும், காலையும் மாலையும் இருபது தடவை. என் நாற்காலியை நான் விடுவதாக இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

நிமிர்ந்து உட்கார்ந்தபடி,
உன் தங்கை

பி.கு.: பார்சலைத் தேடாதே, கடிதம் மட்டும்தான் வருகிறது. திங்கட்கிழமை இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்தேன், நாற்காலி எனக்கே. வெள்ளைக் கோட்டுக்கு அடியில் கருவி நான்காம் எண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் கழுத்து தாங்கியது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை நடந்தது சான்றாகாது. இன்னும் மூன்று மாதம் தினமும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். ஒட்டுவில்லைகளில் பசை போய்விட்டது, இரண்டு பாக்கெட் அனுப்பு.