மூஞ்சியிலேயே மக்கிய மாஸ்க்

பேச ஆளில்லாதவனுக்கு மூளை அதிகமாக வேலை செய்யும். அதுதான் ஆபத்து.

பன்றிக்காய்ச்சல் பயம் பரவிய வருஷம், நான் சவூதியின் ஜுபைலில் ஒரு ஆலையில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். ரூமில் ஒரு பட்டாணியரும் இரண்டு நேபாளிகளும். என் இந்தியோ 'அச்சா'வோடு முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை மனைவிக்குப் போன் போட்டால்தான் தமிழ். (குளிக்கும்போது எனக்கு நானே பேசிக்கொண்டது வேறு கதை.)

சைட்டில் தமிழ் பேசும் ஒரே ஆள் சேஃப்டி ஆபீசர் செல்வின் சார், திருநெல்வேலிக்காரர். அவரிடம் போய்ப் பேச ஒரு சாக்கு வேண்டுமே! கம்பெனி கொடுத்த மாஸ்க்குகள் கேம்ப் வேலியெங்கும் பறந்து சிக்கிக் கிடந்தன. அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

"மண்ணோட மக்கிப்போற மாதிரி நாம மாஸ்க் செஞ்சா என்ன சார்?"

"உக்காரும்வே," என்றவர் டீ வரவழைத்தார். அந்த டீக்காக நான் விமானமே செய்து கொடுத்திருப்பேன்.

மலையாளி கடையில் வாழையிலைக் கட்டோடு வரும் வாழைநாரைக் கேட்டு வாங்கினேன். சீப்பால் சீவி, இரண்டு வேட்டித் துண்டுகளுக்கு நடுவே பரப்பி, மைதா பசை காய்ச்சி ஒட்டினேன். டூட்டி முடிந்ததும் சாரிடம் காட்டுவேன். நார் பற்றிக் கொஞ்சம், ஊர் பற்றி நிறையப் பேசுவோம். மாஸ்க் முடிந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

முடிந்துவிட்டது. "மேனேஜருட்ட காட்டுவோம்வே," என்றார் சார்.

ஆகஸ்ட் வெயிலில், கடல் புழுக்கத்தில், அதை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன். வியர்வையில் பசை இளகி மீசைக்குள் இறங்கியது. மீட்டிங் ரூம் ஏசியில் அது சிமென்ட்டாகக் காய்ந்தது.

கழற்றிக் காட்டும்படி மேனேஜர் சைகை செய்தார்.

இழுத்தேன். வரவில்லை. சாரும் சேர்ந்து இழுத்தார். "அம்மா!" என்று நான் அலறியபோது பாதி மீசை மாஸ்க்கோடு போயிருந்தது.

"மக்கும்னு சொன்னீரு, மூஞ்சியிலயாவே?" என்றார் சார். மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

மிச்ச மீசையைப் பட்டாணியர்தான் வெந்நீர் ஊற்றி ஊறவைத்துச் சிரைத்துவிட்டார். "குச் நஹி, பாய்," என்று, ஒன்றுமில்லை என்பதுபோல் முதுகில் தட்டியவர், திரும்பி நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு சார் ரூம் பக்கம் போக வெட்கமாக இருந்தது. டீயும் நின்றது, தமிழும் நின்றது.

அடுத்த வாரமே லீவு. நான் சவூதி போன பிறகு பிறந்த என் மகள் என்னை மீசை வைத்த போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தாள். திருச்சி ஏர்போர்ட்டில் கைநீட்டியதும் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"அப்பாதான்டா கண்ணு," என்றேன்.

"இவங்க இல்ல. போட்டோ அப்பா எப்பம்மா வருவாங்க?"

இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். நான் கடைக்குப் போய்த் திரும்பினாலும் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, போட்டோல இல்லாத அப்பா வந்தாச்சு!"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அன்று ஏர்போர்ட்டில்தான் சிரிக்க முடியவில்லை.