ஆவுடைநாயகம் பிள்ளை தலையாட்டவில்லை

"இன்னும் ஆட்டலியா?"

"ஆட்டலை அண்ணாச்சி."

பெண்ணின் அப்பா சிவசண்முகம் பிள்ளை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மணவறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோமு குனிந்த தலை நிமிரவில்லை. தாலி தட்டில் இருந்தது. ஐயர் சொல்ல வேண்டிய மந்திரங்களையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வேண்டாததையும் ஒன்றிரண்டு சொல்லிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். கெட்டிமேளம் கொட்டினால் தாலி ஏறும். கெட்டிமேளத்துக்குக் கண் காட்ட வேண்டிய நாயனக்காரர் ஐயம்பெருமாளோ தோடி ராகத்தை விடுவதாயில்லை.

காரணம், முன்வரிசையில் பெஞ்சின் மேல் திண்டில் சாய்ந்திருந்த ஆவுடைநாயகம் பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா தாணுமாலயம் பிள்ளைக்குப் பெரியப்பா. பாரிசவாயு வந்து பத்து வருஷம். வண்டிக்கார முப்பிடாதிதான் அவருக்குக் கால். எங்கே கச்சேரி என்றாலும் அவரைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பின்னாலேயே விசிறியோடு குந்திக்கொள்வான்.

வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி வரை ஆவுடைநாயகம் பிள்ளை தலையசைத்தால் அந்த நாயனக்காரனுக்கு அதற்கப்புறம் ஏறுமுகம்தான். வாசிப்பு பிடித்தால் தலை அசையும். பிடிக்காவிட்டால் சுண்டுவிரல் உயரும். இரண்டில் ஒன்று நடக்காமல் அவர் இருக்கிற சபையில் யாரும் ராகத்தை முடிப்பதில்லை என்று ஒரு வழக்கம். ஐயம்பெருமாள் பதினோரு தடவை சுண்டுவிரல் வாங்கியவர்.

இன்றைக்குத் தலையும் அசையவில்லை, விரலும் உயரவில்லை. விடியும்போது வண்டியிலிருந்து இறங்கியதும் வாங்க வாங்க என்றவர்களுக்கெல்லாம் தாராளமாகத் தலையாட்டியவர்தான். ஐயம்பெருமாள் வாயில் நாயனத்தை வைத்ததிலிருந்து அந்தத் தலை கல்லாய்விட்டது.

அது ஐந்தாம் ஜார்ஜ் பட்டம் சூட்டிக்கொண்ட வருஷம். ஆனி மாதக் கடைசி முகூர்த்தம், முடிய இன்னும் அரை மணி. வெளியே சாரல் பந்தல் கீற்றைப் பிடித்து ஆட்டியது. விளக்குகள் அணைவதும் பிழைப்பதுமாக இருந்தன.

கோமுவுக்குப் போன தையில் ஒரு கலியாணம் பந்தக்கால் வரை வந்து நின்றது. அந்த மாப்பிள்ளை வீட்டுக் கிழவி அன்றைக்கென்று பார்த்துச் செத்துப்போனாள். கிழவிக்கு வயது தொண்ணூற்றிரண்டு. ஆனாலும் ஊர், 'அந்தப் பெண்ணுக்கு ராசி அப்படி' என்றது. இதுவும் நின்றால் மூன்றாவதாக ஒருவன் வாசல் ஏற மாட்டான்.

கெஞ்சிப் பார்க்கலாம் என்று சந்தனக் கிண்ணத்தோடு போய்ப் பெரியவர் முன்னால் குனிந்தார். கண் சிகிச்சைக்கு அப்புறம் போட்ட பச்சைக் கண்ணாடி அவரையே பார்த்தது.

"பெரியவாள், கொஞ்சம் தலையை அசைச்சிட்டியன்னா..."

பெரியவரின் கையை எடுத்துச் சந்தனம் பூசினார். பூசிய கையை அப்படியே வைத்துக்கொண்டார். அந்தக் கை மார்கழி மாதத்து ஆற்றுத் தண்ணீராக இருந்தது. மூக்கடியில் விரலைக் கொண்டுபோனார். வருவதும் இல்லை, போவதும் இல்லை.

சிவசண்முகத்துக்குத் தோடி காதிலிருந்து விலகிப் போனது.

"சம்மந்தியார்வாள்!" தாணுமாலயம் பிள்ளை ஓடி வந்தார். "பெரியப்பாவைத் தொடாதியும்! பாட்டு கேக்கையிலே தொட்டா அவாளுக்குப் பிடிக்காது."

"நான் எங்க தொட்டேன்? சந்தனம்லா வச்சேன்."

"அவாளுக்குச் சந்தனம் சேராது." அந்தச் சாரலிலும் தாணுமாலயம் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது.

நல்ல காலம், சம்மந்திக்குத் தெரியாது என்று சிவசண்முகம் மூச்சு விட்டார். பங்காளிச் சாவு. தெரிந்தால் தீட்டு. தாலி ஏறுகிற வரை இவர் உயிரோடு இருந்தாக வேண்டும். அதற்கு முதலில் தோடி சாக வேண்டும்.

நேரே ஐயம்பெருமாளிடம் போனார்.

"பெரியவாளுக்கு ரொம்பத் திருப்தி. முடிச்சிரும்."

ஐயம்பெருமாள் நாயனத்தை எடுத்தார். ஒத்துக்காரர் மட்டும் ஒற்றைச் சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தலை ஆடலியே."

"மனசுக்குள்ள ஆட்டிட்டாவளாம்."

"மனசை நான் எப்படிவே பாக்க? என்ன குறைன்னு கேட்டுச் சொல்லும். சொல்லாம இன்னைக்கு மேளம் கொட்டாது."

"குறை என்னன்னு நான் சொல்லுதேன்" என்று ஒரு குரல் வந்தது. மேலப்பாளையம் ஜவுளி வியாபாரி அசன் மைதீன். கோமுவின் கூறைப்புடவை அவர் கடையில் எடுத்தது. நாயனம் என்றால் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்துவிடுகிற மனிதர். "ஓட்டம் கூடிப்போச்சு. வாசிக்கவன் ஒரு சுரத்திலே நிக்கப் படிக்கணும். ஓடுதது குதிரைக்கு அழகு."

"அதெல்லாம் கிடையாது மரைக்காயரே" என்றார் பின்னாலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா. "பிருகா ஓடாத நாயனத்துக்குச் சங்கு ஊதிட்டுப் போலாம்."

சங்கு என்றதும் சிவசண்முகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாணுமாலயம் பிள்ளையும் ஏனோ ஒரு துள்ளு துள்ளினார்.

"நான் சொல்லுதேன்!" என்று கத்தினார் தாணுமாலயம். "நல்ல வாசிப்புன்னா சுருக்கா முடியணும்!"

"அதேதான் சம்மந்தி!" என்றார் சிவசண்முகம். நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம் இரண்டு வீட்டாரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஆனால் யாரும் கேட்கவில்லை. பந்தல் இரண்டாகிவிட்டது. நிற்பதா, ஓடுவதா? பெண்கள் பக்கத்திலும் சண்டை. தவில்காரர் ஓடுகிற கட்சி.

சண்டையை நிறுத்த ஒரு பொய் போதும் என்று சிவசண்முகம் நினைத்தார்.

"பெரியவாளே என் காதிலே சொன்னாவ. ஓட்டம் வேண்டாமாம். நிக்கணுமாம்."

அசன் மைதீன் முகம் மலர்ந்தது. ஐயம்பெருமாள் உதட்டைக் கடித்தார். பிறகு ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. தவில் அடங்கியது. விசிறிகள் நின்றன. அடுப்படியில் கரண்டிச் சத்தமும் நின்றது. அவ்வளவு நேரமும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த முந்நூறு பேரும் இப்போது ஆவுடைநாயகம் பிள்ளையையே பார்த்தார்கள்.

பச்சைக் கண்ணாடியில் ஒரு ஈ உட்கார்ந்தது. நடந்தது. மூக்கில் இறங்கி உதட்டில் நின்றது. பெரியவர் அசையவில்லை.

"என்ன லயிப்பு பாருங்க!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"அப்பா" என்றாள் கோமு மணவறையிலிருந்து மெல்ல. "அந்தத் தாத்தா ஏன் மூச்சே விடாம என்னையே பாக்காவ?"

"நீ குனிஞ்சுக்கம்மா" என்றார் சிவசண்முகம்.

ஐயம்பெருமாள் எழுந்தார். வாசித்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக வந்து பெஞ்சுக்கு எதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இனி ஒரே வழிதான். எல்லார் கண்ணும் ஐயம்பெருமாள் மேல் திரும்பிய நேரம் பார்த்துச் சிவசண்முகம் பெஞ்சுக் காலை ஓங்கி ஓர் உதை விட்டார். தலை ஆடும் என்று பார்த்தால் பெரியவர் ஒருபக்கமாகச் சரிந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. பாதி திறந்த ஒரு கண் ஐயம்பெருமாளைப் பார்த்தது.

"கண்ணைத் திறந்துட்டாவ!" என்று ஐயம்பெருமாள் அலறினார். "பதினோரு தடவையிலே ஒருநாளும் என்னைப் பார்த்ததில்லை!" நாயனத்தின் சீவாளியை நனைத்துக்கொண்டு தோடியை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

தாணுமாலயம் பிள்ளை அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஐயர் கடிகாரத்தைக் காட்டி ஐந்து விரலை நீட்டினார். சிவசண்முகத்துக்கு எல்லாம் கைவிட்டுப் போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். கோமுவின் முகத்தைப் பார்த்தார், மூடினார்.

ஐயம்பெருமாளுக்கும் மூச்சு முடிந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரமாக ஊதியவர். ஓடிப் பார்த்தார், கால் வரவில்லை. நின்று பார்த்தார், தம் நிற்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார். யாருக்கு வாசிக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார் போலிருக்கிறது. சின்னதாக, நடுங்கிக்கொண்டு, தாய் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதுபோல நாலே நாலு சுரம் வந்தது. அதில் வித்தை ஒன்றும் இல்லை. குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். அசன் மைதீன் துண்டால் கண்ணைத் துடைத்தார். சிவசண்முகத்துக்குப் பிணமும் மறந்தது, தீட்டும் மறந்தது. பெண் நாளை வேறு வீட்டில் இருப்பாள் என்பது ஒன்றுதான் நெஞ்சில் நின்றது. தேம்பி அழுதார்.

சுரம் நின்றது. ஒத்து மட்டும் கேட்டது.

ஆவுடைநாயகம் பிள்ளையின் தலை அசைந்தது.

முன்னால் ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது. நிதானமாக இன்னொரு தடவையும் சாய்ந்தது.

ஐயம்பெருமாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தபடியே கையை உயர்த்தினார். கெட்டிமேளம் இடியாக இறங்கியது. தாலி ஏறியது. முந்நூறு பேரும் அட்சதை போட்டார்கள். சிவசண்முகம் போட்ட அட்சதை ஐயர் வாயில் விழுந்தது. சிவசண்முகத்தின் உடம்பில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக எழுந்து நின்றது. மூக்கடியில் வைத்துப் பார்த்த விரல் இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

இலை போட்டாயிற்று என்று குரல் வந்தது. பந்தல் ஒரே நிமிஷத்தில் காலி. சாரலும், பெஞ்சும், பெரியவரும் மிச்சம். தாணுமாலயம் பிள்ளை பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவசண்முகம் அவரிடம் வந்தார்.

"சம்மந்தி... நான் ஒண்ணு சொன்னா பயப்படக் கூடாது. பெரியவாள் தலையாட்டுததுக்கு முந்தியே..."

தாணுமாலயம் பிள்ளை பெஞ்சுக்குப் பின்னால் கண்ணைக் காட்டினார். திண்டுக்குப் பின்னாலிருந்து முப்பிடாதி எழுந்தான். ஒரு கையில் விசிறி. இன்னொரு கையைப் பெரியவரின் சால்வைக்குள்ளிருந்து பைய உருவினான். அவன் கண்ணெல்லாம் சிவந்து கலங்கியிருந்தது.

"நாங்குநேரியிலயே போயிட்டாவய்யா, அங்கயிருந்து ஆட்டுதது பூராம் நாந்தான், வாங்கன்னு சொன்னவியளுக்குச் சும்மா ஆட்டிரலாம், வாசிப்புக்குப் பொய்யா ஆட்ட முடியுமாய்யா?"