சண்முகலிங்கம் தெரிவு செய்த துவக்கு

வைகாசிப் போட்டியில் சுடுவதென்று சண்முகலிங்கம் முடிவெடுத்துவிட்டார். ஆரையென்று பதறவேண்டாம், இரும்புத் தட்டுகளைத்தான். ஓடி ஓடி, மணிக்கூட்டோடு மல்லுக்கட்டிச் சுடுகிற போட்டி அது. சுவிசில் டீட்டிகோன் ஊரில் அவர் வேலைசெய்கிற களஞ்சியத்தில் பன்னிரண்டு வருசமாக ஒவ்வொரு திங்களும் சுவிஸ் கூட்டாளிகள் இதையே கதைக்க, மனுசன் சோற்றுப்பெட்டியோடு இருந்து வாய்பார்த்தது காணும். "நானும் வாறன்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லியும் போட்டார். இனி மானப்பிரச்சினை.

துவக்குத் தெரிவு என்று வந்தால் அவரை அடிக்க ஆளில்லை. மூன்று மாசம் வீடியோ பார்த்த மூளை. சின்னக் குண்டு ரவை போடுகிற 'பொயின்ற் இருபத்திரண்டு' ரகம், ஒருதரம் சுட்டதும் தானாகவே அடுத்த ரவை ஏறவேண்டும். எந்தத் துவக்குக்கு எந்த ரவை ஒத்துக்கொள்ளும், எந்த ரவைக்கூடு நடுவில் சண்டித்தனம் பண்ணும், எல்லாம் விரல்நுனியில். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இந்த விசாரணை நடக்கவில்லை.

"ஞானம், தெரிஞ்செடுத்தாச்சு! தடிச்ச குழல், நாலு கிலோ. கையிலை எடுத்தா அசையாது" என்று மனுசியிடம் ஓடினார்.

"நல்லதப்பா, எடுங்கோ."

"வீட்டிலை துவக்கு வைக்க உமக்குப் பயமில்லையோ?"

"எனக்கென்ன பயம்?"

இவ்வளவு லேசாக ஓம் சொல்லுகிற ஆளா ஞானேஸ்வரி? ஒரு சட்டி வாங்கவே ஒன்பது கேள்வி கேட்கிற மனுசி. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இவரோ பூரித்துப்போய்ப் பொலிசுக்கு அனுப்புகிற அனுமதிப் படிவத்தை அவளிடமே நீட்டினார். அந்த வீட்டில் டொச், அதுதான் ஜெர்மன், எழுத்தெல்லாம் அவளுடைய இலாகா.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தாள்.

"என்ன பாஸ்போட் எண்டு எழுத?"

"ஏன், சிலோன் பாஸ்போட்தானே. இஞ்சை நிரந்தரமா இருக்க 'சி' விசாவும் இருக்கு."

"அப்ப சரிவராது. துவக்கு வாங்கக்கூடாத நாட்டுக்காரர் எண்டு ஒரு பட்டியல் இருக்கு. அதிலை சிலோனும் இருக்கு."

"வாங்காட்டிப் போகுது. சுடலாந்தானே?"

"சுடவும் ஏலாது."

சண்முகலிங்கம் கதிரையில் தொப்பென்று இருந்தார். ஆறு வருசத்துக்கு முந்தி அவளும் மகளும் சுவிஸ் பிரசையாகப் பரீட்சை எடுத்தபோது, "இந்த வயதிலை டொச் படிக்க எனக்கென்ன விசரோ?" என்று சோபாவில் சாய்ந்தவர் இவர். ஆனாலும் அசருகிற ஆளில்லை. பத்தே நிமிசத்தில் அடுத்த திட்டம் உதித்துவிட்டது.

"இஞ்சேரும், நீர் சுவிஸ்காரிதானே? உம்மட பேரிலை எடுப்பம்."

"பேர் என்ரை, சுடுறது நீங்களோ? அது களவு."

"இல்லையப்பா, நீரே சுடும். நான் பயிற்சி தாறன். விரல் உம்மடை, மூளை என்ரை!"

ஞானேஸ்வரி யோசிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "சரி" என்றாள்.

அனுமதி வந்ததும் துவக்குக் கடைக்குப் போனார்கள். மூளை முன்னே நடந்து, தடித்த குழலைக் காட்டியது. ஞானேஸ்வரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"கனம் கூட. ஒரு தட்டிலையிருந்து மற்றத் தட்டுக்குத் திருப்பவே நேரம் போயிடும்."

"கனம் இருந்தாத்தான் குறி தப்பாது!"

"சுடுற தட்டு சோத்துக் கோப்பையளவு பெரிசு. அதுக்கு ஏனப்பா இவ்வளவு குழல்? பின்னாலை இருக்கிற இந்த மரச் சோங்கும் எனக்கு நீளம், தோளிலை பொருந்துதில்லை. அந்த மெல்லிய துவக்கை எடுங்கோ, அதிலை நீளத்தைக் குறைக்கலாம்."

"இதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?"

"மூண்டு மாசமா நான் சமைக்கேக்கை குசினியிலை இருந்து வீடியோ போட்டது ஆர்? எனக்குங் காது இருக்கு."

கடைக்காரக் கிழவர் சண்முகலிங்கத்தைத் தாண்டிப் போய் அவளுக்குக் கைகொடுத்தார். மெல்லிய துவக்கு வீட்டுக்கு வந்தது, இரும்பு அலுமாரிக்குள் போனது, அதைப் பூட்டின திறப்பு அவளுடைய கைப்பைக்குள் போனது.

சங்கத்தில் சேர்ந்து, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, வைகாசியில் ஞானேஸ்வரி சுட்டாள். முப்பது பேரில் ஏழாவது. களஞ்சியக் கூட்டாளிகள் முழுப்பேரும் அவளைச் சுற்றி நின்று கைதட்ட, தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்ற சண்முகலிங்கத்துக்கு நெஞ்சு பெருமையிலும் எரிந்தது, பொறாமையிலும் எரிந்தது. எது கூட என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாய்விட்டுக் கேட்டார். "ஞானம், அடுத்த முறை நானும் சுடவேணும். ஒரு வழி சொல்லும்."

அவள் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு கட்டுக் கடதாசியை மேசையில் வைத்தாள். பிரசாவுரிமை விண்ணப்பம். பேர், முகவரி, வேலை எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மேலே டொச் வகுப்புக்குப் பதிந்த துண்டு.

"இது எப்ப நிரப்பினது?"

"நீங்கள் முதல் துவக்கு வீடியோ பார்த்த அண்டைக்கு."

செவ்வாய்க்கிழமை வகுப்பில், நீங்கள் ஏன் சுவிஸ் பிரசையாக விரும்புகிறீர்கள் என்று வாத்தியார் பெண் கேட்டாள். சண்முகலிங்கம் எழும்பி நின்று, தெரிந்த டொச்சையெல்லாம் கூட்டிப் பொறுக்கி, உள்ளதைச் சொன்னார்:

"மனுசியின்ரை துவக்கை ஒருக்காத் தொட்டுப் பார்க்க."