இரண்டாவது பெட்டிக்கு ஒரு வீடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். சௌக்கியமில்லாதது நம் இணையதளம் ஒன்றுதான். மின்னஞ்சலும் அதே பெயரில் இருப்பதால் அதுவும் சேர்ந்து படுத்துவிட்டது. போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், என் மகள் சிரிப்பாள். அதனால் கடிதம்.

போன முறை வந்தபோது படித்துப் படித்துச் சொன்னீர்கள். யாராவது நம் தளத்தின் பெயரை அடித்தால் அது எங்கே இருக்கிறது என்று வழிகாட்டுவது பெயர் சர்வர். அது வாயை மூடிக்கொண்டால் தளம் நன்றாக இருந்தும் யாருக்கும் கிடைக்காது. ஆகவே அந்த சர்வருக்கு இரண்டு பெட்டி வையுங்கள், இரண்டாவதை வேறு வீட்டில், வேறு இணைப்பில் வையுங்கள் என்றீர்கள். உடனே அத்தை, "அதான் பின்தெருவுல உங்க தம்பி வீடு இருக்கே" என்றாள். என் புது சோபாவில், ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருப்பவன் போல உட்கார்ந்து, "பல் டாக்டர் எப்பக் கூப்பிடுவார்?" என்று கேட்டவன் வீட்டில் என் பெட்டியா? அன்றிலிருந்து அவனோடு பேச்சே இல்லை. ஆகவே இரண்டையும் என் அறையிலேயே, ஒரே பிளக் பலகையில், ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று வைத்தேன். அத்தை அதே பலகையில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். கருகல் வாசனை வந்தது, இரண்டும் ஒன்றாகக் கண்ணை மூடின. அந்த அறைக்கே மின்சாரம் இல்லை, இணைய இணைப்போ அங்கே மட்டும்தான். எலக்ட்ரீஷியன் நேற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறார்.

நாம் இரவல் கொடுப்பது சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும். காலை உடைத்துக்கொண்ட ஒருவர் நம் பெயரை அடித்து, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று பதில் வந்தால் என்ன நினைப்பார்? அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே இரண்டாவது பெட்டிக்கு எங்காவது இடம் பாருங்கள். உங்கள் அலுவலகம், சிநேகிதர் வீடு, எதுவானாலும் சரி, என் தம்பி வீடு மட்டும் வேண்டாம். பெட்டி நின்றால் கூவும் என்றீர்களே, அந்த ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள்.

நம் சாமான் எதுவும் தேவைப்படாமல் நீங்கள் எல்லோரும் நெடுநாள் நடமாட ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வாசலில் தம்பி நின்றான். அவன் மாமியார் குளியலறையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாராம். "காலையிலேர்ந்து தேடுறேன், பேரே இல்லன்னு வருது. தளம் இருந்திருந்தா ஆளை அனுப்பி வாங்கியிருப்பேன். அண்ணனுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சோன்னு..." என்றவன் சோபாவில் உட்கார்ந்தான். பல் டாக்டரை விசாரிக்கவில்லை. நாற்காலியை நானே எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். திரும்பும்போது சக்கர நாற்காலியில் நம் இரண்டாவது பெட்டியை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனான்.

அதனால் கடிதத்தை அன்று தபாலில் போடவில்லை, சில நாள் கழித்து இதைச் சேர்த்து எழுதுகிறேன். எலக்ட்ரீஷியனும் வந்துவிட்டார். நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டாவது பெட்டியின் முகவரியைத் தம்பி வீட்டு இணைப்புக்கு மாற்றுவது மட்டும்தான். கூவும் ஏற்பாடு வேண்டவே வேண்டாம். காலையும் மாலையும் அவனே போன் செய்து, "அண்ணே, உங்க பெட்டில விளக்கு எரியுதா?" என்று கேட்கிறான். எரிகிறது என்று சொல்லிவிட்டு, அவன் பெட்டியை விசாரிக்கிறேன். அதற்கே அரை மணி நேரம் ஆகிறது.