செவலைக்குக் கண் ஆறவில்லை

செவலையின் கண் ஆறிவிட்டது. லாயக்காரருக்கு அன்று காலை அதுதான் பெரிய இடி.

போன மாதம் வைக்கோல் குத்திக் கருவிழியில் புண் வந்து, பாலாடை படர்ந்தது போல வெளுத்துக் கிடந்த கண் அது. இப்போது துடைத்து வைத்த கண்ணாடியாகப் பளபளத்தது. சந்தேகம் தீர, அந்தப் பக்கமாகவே தள்ளி நின்று ஒரு கேரட்டைத் தூக்கிக் காட்டினார். பத்தடி தூரத்திலேயே குதிரை கழுத்தை நீட்டியது.

"உனக்கு என்ன அவசரம்?" என்று அதைக் கடிந்துகொண்டார். "இன்னும் பத்து நாள் கழிச்சு ஆறினா குறைஞ்சா போயிடுவே?"

கண் ஆறினால் குதிரை டாக்டர் வரமாட்டார். விஷயம் அவ்வளவுதான்.

டாக்டர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவார். செவலையின் கழுத்திலிருந்து ரத்தம் எடுத்து, உறையவிட்டு, இயந்திரத்தில் சுற்றி, மேலே தெளியும் மஞ்சள் நீரை மட்டும் சின்னப் புட்டியில் பிடித்துத் தருவார். சீரம் என்று அதற்குப் பெயர். மற்றச் சொட்டு மருந்துகளோடு இதையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணில் விட வேண்டும்.

"கருவிழியை அரிச்சுத் தின்னுற சமாச்சாரத்தை இது தடுத்து நிறுத்தும்" என்று முதல் நாளே டாக்டர் விளக்கினார். "அது ரத்தமே அதுக்கு மருந்து. வெளியில தேட வேண்டாம்."

ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காக டாக்டர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். ஐந்து நிமிடம் அரை மணியாகும். அரை மணி ஒன்றரை மணியாகும். சட்டையில் முதலில் அறுந்து விழுவது எந்தப் பொத்தான் என்பதைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். இருவருக்கும் அதில் நிறைய அனுபவம் இருந்தது.

மனைவி போன இந்த ஒன்பது வருடத்தில் லாயக்காரர் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் அந்த ஒரு நாளுக்குக் காணாது. முதலாளியம்மாகூடப் பலகையில் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுவார். 'தீவனம் வந்ததா?' என்று இருக்கும். இவர் அடியில் 'வந்தது' என்று எழுதுவார். தீவன அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். டாக்டர் வர ஆரம்பித்த பிறகுதான் இரண்டாவது டம்ளர் வாங்கினார்.

வாசலில் கார் சத்தம் கேட்டது. லாயக்காரர் ஈரத்துணியை எடுத்துச் செவலையின் கண்ணுக்குக் கீழே அவசரமாகத் தேய்த்தார்.

"எப்படி இருக்கா நம்ம ஆளு?" என்றபடி டாக்டர் உள்ளே வந்தார்.

"ராத்திரி பூரா தண்ணி வடியுதுங்க."

"அடடா."

டாக்டர் கண்ணில் பச்சைச் சாயம் விட்டு, நீல விளக்கைப் பிடித்துப் பார்த்தார். புண் இருந்தால் அந்த இடத்தில் பச்சை ஒட்டிக்கொள்ளும். லாயக்காரரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மருந்துக்குக்கூடப் பச்சை இல்லை.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். "ம்... ஓரத்துல இன்னும் கொஞ்சம் இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றார்.

பாவம், மனுஷனுக்குப் பார்வை போய்விட்டது என்று லாயக்காரர் நினைத்துக்கொண்டார். கார் ஓட்டத் தனியாக ஒரு டிரைவர் வைத்திருப்பது இதனால்தானா?

"இனிமே ரத்தம் எடுக்க வேண்டாம். முன்னாடி எடுத்ததையே உறைய வச்சிருக்கேன். புட்டியை மட்டும் கொண்டு வர்றேன்" என்றார் டாக்டர்.

"நீங்க வருவீங்கல்ல?"

"வராம?" என்று வாளியைக் கவிழ்த்தார் டாக்டர்.

ஈரத்துணி வித்தை ஒரு நாளைக்குத்தான் தாங்கியது. அடுத்த முறை செவலை ஒரு சிலுப்பு சிலுப்பியதில் கண்ணீரெல்லாம் லாயக்காரரின் முகத்துக்கு வந்துவிட்டது. ஆகவே வேறு வழி பார்த்தார். கார் சத்தம் கேட்டதும் குதிரையைத் திருப்பி, அந்தக் கண்ணில் காலை வெயில் படும்படி நிறுத்தினார். கண் தானாகக் கூசி மூடிக்கொண்டது. சமர்த்து என்று ஒரு கேரட் கொடுத்தார்.

மூன்றாவது முறை செவலை தானே திரும்பி நின்றது. நான்காவது முறை வானம் மூடிக் கிடந்தது, வெயிலே இல்லை. ஆனாலும் கார் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேரட்டுக்காக உதட்டை நீட்டியது. சரியாக அந்த ஒரு கண்ணை மட்டும். குதிரை புத்திசாலி என்று எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கிறார். இவ்வளவு புத்திசாலி என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை.

"வெளிச்சம் தாங்கலை போல" என்றார் டாக்டர்.

"ஆமாங்க. இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல."

"ஆகும், ஆகும்" என்று டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார்.

அதற்கடுத்த முறை டாக்டரின் காரோடு முதலாளியம்மாவின் காரும் வந்தது. இரண்டு கார் சத்தம். செவலை இரண்டு மடங்கு இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

முதலாளியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் கண்ணைத் திறக்க முடியலை. எவ்வளவு வலி இருந்தா இப்படி மூடிக்கும்?"

"வலியெல்லாம் ஒண்ணும் அவ்வளவா..." என்று லாயக்காரர் இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. வாயில்லா ஜீவனை இதுக்கு மேல வதைக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில பேசிட்டேன். கண்ணை எடுத்துடறதுதான் நல்லது. பத்து மணிக்கு வண்டி வருது. டாக்டர், நீங்க ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

டாக்டரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. முதலாளியம்மாவுக்குப் பின்னால் போனார்.

லாயக்காரர் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "கண்ணைத் திற தாயி. ஒரே ஒரு தடவை. அவங்க திரும்பி வரும்போது திறந்து வச்சுக்கோ, போதும்" என்று கெஞ்சினார். பழக்கதோஷத்தில் கேரட்டைக் காட்டினார். கேரட் என்றால் மூட வேண்டும் என்று கற்றிருந்த செவலை இன்னும் இறுக்கி மூடியது. விரலால் இமையைப் பிரித்துப் பார்த்தார். குதிரை அதை ஒரு புது விளையாட்டாக எடுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி வண்டி உறுமிக்கொண்டு உள்ளே வர, செவலை நல்ல கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டது.

லாயக்காரர் ஆபீஸைப் பார்த்து ஓடினார். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் வழியே, டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பது தெரிந்தது. கையெழுத்துப் போடத்தான் குனிந்திருக்கிறார் என்று தோன்றியது. கதவைத் தட்டத் தூக்கிய கை பாதியில் நின்றது. உள்ளே போய் முதலில் எந்த வார்த்தையைச் சொல்வது?

டாக்டரின் டிரைவர் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். லாயக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ உள்ள போய் நிறுத்தச் சொல்லு. அதுக்குக் கண்ணு ஆறிப் பத்து நாளாச்சு. நல்லாப் பார்க்குது. நான்தான் பொய் சொன்னேன். துணியை நனைச்சுத் தேய்ச்சேன், வெயில்ல நிறுத்தினேன், கேரட்டைக் கொடுத்துக் கண்ணை மூடப் பழக்கினேன். டாக்டரய்யா வர்றது நின்னு போயிடுமேன்னுதான் செஞ்சேன். அவர் வரலைன்னா நான் யாரோட பேசுவேன்? என்னை வேலையை விட்டுத் துரத்தட்டும், பரவாயில்லை. அது கண்ணை மட்டும் எடுக்க வேண்டாம்னு சொல்லு."

டிரைவர் துணியை உதறி மடித்தான். ஆபீஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"அவரு உள்ள கையெழுத்தா போடறாரு? அம்மாகிட்ட உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்காருண்ணே. பத்து நாளா அந்தப் புட்டியில இருந்தது வெறும் உப்புத் தண்ணி. கண்ணு ஆறிடுச்சுன்னு லாயக்காரருக்குத் தெரிஞ்சுட்டா, அப்புறம் நான் எங்கப்பா போய் உட்கார்றதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு."